நைனாவின் பெயரைச் சொல்லாத குரல்

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அம்மா அவரை எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்டால் எங்கள் ஊரே சொல்லும். தெருமுனையில் நின்றுகொண்டு, "இன்னாங்க, கீறீங்களா?" என்பாள். 'இருக்கிறீர்களா' என்பது எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வரும். நடவு வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள். காலையில் அவள் போடுகிற சத்தத்தில்தான் பாதித் தெரு எழுந்திருக்கும். பொழுது சாயும் நேரத்தில் சேற்றுக் காலோடு திரும்பி வரும்போது, வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே இந்தக் கூப்பாடு தொடங்கிவிடும்.

முதல் தடவை நைனா பதில் சொல்ல மாட்டார். இரண்டாம் தடவையும் சொல்ல மாட்டார். மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் உள்ளேயிருந்து, "கீறேன்" என்று ஒரு சொல் வரும்.

காவாந்தண்டலம் பக்கத்தில் செய்யாற்றிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வெளிச்சம் மங்கிய பிறகு யாராவது கூப்பிட்டால் எங்கள் ஊரில் உடனே வாயைத் திறக்க மாட்டார்கள். செத்தவர்களால் மூன்று தடவை கூப்பிட முடியாதாம். ஒன்றோ இரண்டோதான். அதற்குள் அவசரப்பட்டு 'ஆ' என்று கேட்டுவிட்டால் கையோடு கூட்டிப் போய்விடுமாம். மூன்றாம் தடவையும் கூப்பிட்டால் அது உயிருள்ள ஆள், தைரியமாகப் பேசலாம். நைனா இதை நம்பித்தான் காத்திருந்தாரா, அம்மாவைச் சீண்டக் காத்திருந்தாரா என்பது எனக்கு இன்று வரை தெரியாது. அம்மாவுக்கு மட்டும் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "நான் இன்னா பேயா? மொத தபாவே வாய தொறந்தா முத்தா உதுந்துடும்?" என்று திட்டிக்கொண்டேதான் வாசலில் கால் கழுவுவாள்.

அம்மா செத்துப்போன பிறகும் கொஞ்ச காலம் நைனா அவளுக்கு அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படித்த படிப்பால் வந்த வினை அது. அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை. வேலை, சம்பளம், கல்யாணப் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் படித்தது இன்ஃபர்மேஷன் சயின்ஸ். ஆசைப்பட்டுச் சேரவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மார்க் எட்டவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது கடைக்காரர்தான் சொன்னார், "இத்த போடும்மா, இது கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பக்கத்து வூடு மாதிரி." பக்கத்து வீட்டிலேயே நான்கு வருடம் குடியிருந்தேன்.

அதில் என்ன சொல்லித் தருவார்கள் என்று அம்மா கேட்டாள். தகவலை எப்படிச் சேர்ப்பது, எப்படி அடுக்குவது, வேண்டும்போது எப்படித் தேடி எடுப்பது என்று சொன்னேன். "உன் சீப்பயே தெனம் நான்தான் தேடி எடுத்துக் குடுக்கறேன். உனக்கு யாரு இந்தப் படிப்பக் குடுத்தது?" என்று சிரித்தாள். கல்லூரி வாழ்க்கை முழுக்க யார் என்ன படிக்கிறாய் என்று கேட்டாலும் எனக்கு அந்தச் சீப்புதான் ஞாபகம் வரும்.

படிப்பு மோசமில்லை. சில பாடங்கள் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போயின. ஒரு பொருளைப் பற்றிய தகவல், அந்தத் தகவலைப் பற்றிய தகவல் என்று ஒன்றன் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் மேடம் ஒருவர் வெற்றிடத்தைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசினார். அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதைப் பூஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே சொல்லப்படாத ஏதோ ஒன்று இருக்கிறது, ஏன் சொல்லப்படவில்லை என்று முதலில் கேளுங்கள் என்றார். நான் அதைப் பரீட்சைக்காக எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்தேன். மார்க் வந்தது. மறந்துவிட்டேன்.

கடைசி வருடப் புராஜெக்டுக்கு ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் மழை முடிந்து நடுகிற நவரைப் பட்டத்துக்கு ஏரித் தண்ணீர்தான் கதி. மார்கழி நடுவில் மதகைத் திறந்து மாசி வரை முறை வைத்து விடுவார்கள். இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு அந்த மடை. யாருக்கு எப்போது முறை என்று ஏரிச் சங்கத் தலைவர் வாட்ஸாப்பில் போடுவார். பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். முறை தெரியாமல் தண்ணீரைத் தவறவிட்டு வரப்பில் நின்று சண்டை போடுவது வருடா வருடம் நடப்பது. நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டி செய்தோம். அதில் ஒரு சிம் கார்டு. தலைவர் தன் போனில் முறையைப் போட்டதும், பெட்டியே ஒவ்வொரு விவசாயியையும் போனில் அழைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடும். அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் வந்தால் ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லும். சத்தமே வராவிட்டால் போனை வைத்துவிடும்.

முதல் சோதனை படு தோல்வி. கம்ப்யூட்டர் குரலில், அழகான இலக்கணத் தமிழில், பேருக்குப் பின்னால் 'அவர்களே' எல்லாம் போட்டு அழைத்தது பெட்டி. எடுத்தவர்களில் சிலர் லோன் கம்பெனிக்காரன் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் எடுத்துவிட்டு மூச்சு விடாமல் இருந்தார்கள். போனை எடுத்திருக்கிறார்கள், காதில் வைத்திருக்கிறார்கள், ஆனால் பேசவில்லை. என் தோழி சென்னைக்காரி. மைக் வேலை செய்யவில்லை என்று வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் அழைத்தது பொழுது சாய்ந்த பிறகு. தெரியாத குரல் ஒன்று பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, அதுவும் ஒரே ஒரு தடவை. எங்கள் ஊரில் எவன் பதில் சொல்லுவான்?

இரண்டு விஷயங்களை மாற்றினேன். பெட்டி இனிமேல் மூன்று தடவை கூப்பிட வேண்டும். குரல் தெரிந்த குரலாக இருக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குரல் யாருடையது என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் வைத்துத்தான் பதிவு செய்தோம். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிக்கொள்ளும். வெளியே கோழிச் சத்தம்கூட உள்ளே வராது. அம்மா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, நான் நீட்டிய மைக்கை முறைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பேராகச் சொன்னாள். "கீறீங்களா? நாளைக்கி காத்தால உங்க முறை. மம்முட்டி எடுத்துக்கினு போயிடுங்க. அப்பறம் தண்ணி வரலன்னு வந்து நிக்கக் கூடாது." எழுதிக் கொடுத்ததைவிட அவளாகச் சேர்த்ததுதான் அதிகம். அன்றைக்கு இருட்டும்வரை பேசினாள். குரல் கம்மிப்போய் வெந்நீர் வைத்துக் குடித்தாள்.

நைனாவின் பேர் வந்தபோது மாட்டேன் என்றாள்.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் அம்மா வயதுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வார்கள். அதே பேருள்ள மற்ற ஆட்கள் ஊரில் இருந்தார்கள், அவர்கள் பேரையும் அம்மா சொல்லவில்லை. ஒருவரை 'மோட்டுத்தெரு மாமா' என்றும் இன்னொருவரை 'டிராக்டர்காரரே' என்றும் கூப்பிட்டுப் பதிவு செய்தோம். நைனாவுக்கு என்ன செய்வது? "அந்தாளுக்கு எதுக்கு போனு? நான்தான் வூட்டுல கீறேனே, நானே சொல்லிடறேன்" என்றாள். பெட்டியில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் புரோகிராம் நின்றுவிடும் என்று நான் கெஞ்சினேன். மைக்கைக் கையில் வாங்கினாள். கொஞ்சம் நேராக உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, கீறீங்களா?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே வெட்கம் வந்து சிரித்துவிட்டாள். மூக்கால் வந்த சின்னச் சிரிப்பு. அதை வெட்டி எடுக்க எனக்கு அப்போது தெரியாது. அப்படியே சேமித்தேன். பேர் பதிவாகாத ஆளுக்கு இதைப் போடு என்று புரோகிராமில் ஒரு வரி எழுதினேன். பேர் பதிவாகாத ஆள் ஊரிலேயே நைனா ஒருத்தர்தான்.

பெட்டி நன்றாக ஓடியது. புராஜெக்டைப் பார்க்க வந்த வெளி ஆசிரியர் அம்மாவின் குரலைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார், நல்ல மார்க்கும் போட்டார். அந்த வருடம் வரப்புச் சண்டை குறைந்தது என்று சங்கத் தலைவர் சொன்னார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நடவுக்குப் போகிற இடத்தில் எல்லாம், "நேத்து போன்ல கூப்ட்டேனே, ஏன் எடுக்கல?" என்று ஆட்களை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வேலைக்குப் போனேன். கேம்பஸ் இன்டர்வியூவில் இன்ஃபர்மேஷன் சயின்ஸ் என்றால் என்ன என்று எங்களையே திருப்பிக் கேட்ட கம்பெனிகள் உண்டு. ஆனாலும் யாரும் சும்மா இல்லை. என் தோழி ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகளை ஒழுங்கு செய்கிற வேலையில் இருக்கிறாள். ஒருவன் கப்பல் சரக்குக் கம்பெனியில், எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்தில் கிடக்கிறது என்று திரையைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறான். இன்னொருத்தி ஒரு நூலகத்தில் பழைய சுவடிகளைப் படம் பிடித்து, தேடினால் கிடைக்கிற மாதிரி அடுக்குகிறாள். சிலர் ஓரகடம் தொழிற்சாலைகளில், சிலர் பெங்களூரில். எனக்குச் சென்னையில் குரல்களோடு வேலை. மனிதர்கள் பேசிய பதிவுகளைச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற கம்பெனி. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருமல், பெருமூச்சு, நாய் குரைப்பு, சிரிப்பு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவேன். சிரிப்பை வெட்டுவதில் நான் கைதேர்ந்தவள் என்று பேர் வாங்கினேன்.

இரண்டாவது வருடம் மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாற்றங்கால் வேலை இருக்கிறது என்று மாத்திரை போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் சென்னையிலிருந்து செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது அவளால் பேச முடியவில்லை. பேசாத அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆம்புலன்சில்தான் ஊருக்குத் திரும்பினாள்.

அவள் இல்லை என்பதை என்னால் எழுத முடிகிறது. அந்த நாட்கள் எப்படிப் போயின என்பதை எழுத வரவில்லை. நைனா அழவும் இல்லை, சரியாகப் பேசவும் இல்லை. காரியத்துக்கு வந்தவர்களை வாங்க என்றார், போனவர்களை வழியனுப்பினார். செத்துப்போனாள் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. 'அவ இல்லாதப்ப' என்பார், ஏதோ நடவுக்குப் போயிருப்பது போல.

காரியம் முடிந்த சாயங்காலம். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நைனாவின் போன் அடித்தது. எடுத்தார். பட்டன் போன், ஸ்பீக்கர் போடாமலே ஊருக்குக் கேட்கும்.

"இன்னாங்க, கீறீங்களா?"

பெட்டியை நான் மறந்தே போயிருந்தேன்.  பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, போனைப் பிடுங்கப் போனாள். நைனா கொடுக்கவில்லை. சுவரோரம் நகர்ந்து காதோடு அழுத்திக்கொண்டார். போன் இரண்டாம் தடவை கூப்பிட்டது. மூன்றாம் தடவையும் கூப்பிட்டது, அந்தச் சின்னச் சிரிப்போடு.

"கீறேன்" என்றார் நைனா.

நாளைக்குக் காலையில் உங்கள் முறை, மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று அம்மா சொன்னாள். மறுநாள் விடியும்போது நைனா மண்வெட்டியோடு போய்விட்டார்.

பெட்டியை நிறுத்திவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஊரில் சிலருக்கும் பயம்தான். செத்தவள் வீடு வீடாகக் கூப்பிடுகிறாள் என்றால் யார்தான் போனை எடுப்பார்கள்? சங்கத்தில் பேசினார்கள். கடைசியில் அம்மாவோடு நடவுக்குப் போகிறவர்களில் மூத்தவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "பேயின்னா மூணு தபா கூப்டுமா? இது மூணு தபா கூப்டுது. அப்பறம் இன்னா பயம்?"  மூன்று என்று வைத்தவளே நான்தான் என்று நான் சொல்லவில்லை. நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நிறுத்தாத பாப்பா. தண்ணிக்கோசரம்" என்றார்.

அந்த நவரை முழுக்க அப்படியே ஓடியது. முறை வரும் நாட்களில் நான் ஊரில் இருந்தால் போன் அடிப்பதற்கு முன்னாலேயே நைனா கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்காருவதைப் பார்ப்பேன். எடுப்பார். முதல் தடவை பேசமாட்டார். இரண்டாம் தடவை உதட்டோரம் லேசாக ஏதோ வரும். மூன்றாம் தடவை, "கீறேன்."  எனக்குப் பயமும்தான், சந்தோஷமும்தான். என் அம்மா கூப்பிடுகிறாள், என் நைனா பதில் சொல்கிறார். நான் படித்த படிப்பில் வேறு எதுவும் உருப்படாமல் போனாலும் பரவாயில்லை என்று தோன்றும்.

அடுத்த வருடம் சங்கத்தில் புதிதாகச் சிலர் சேர்ந்தார்கள். தலைவர் அவர்கள் பேரையும் நம்பரையும் பெட்டியில் ஏற்றினார். அந்தப் பேர்களைச் சொல்ல அம்மா இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஊர்க் கடைசியில் இருளர் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் அந்த வருடம்தான் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் மனைவி அம்மாவோடு எத்தனையோ வருடம் நடவு நட்டவள். மதகு திறந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன். மனைவிதான் பேசினாள், அம்மாவை அவள் அக்கா என்பாள்.

"நேத்து சாயங்காலம் போன் வந்துச்சி, நான்தான் எடுத்தேன். அக்கா கொரலுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா என் புருசன ஏன் அக்கா இன்னாங்கன்னு கூப்புடுது? சிரிக்குது வேற. எனக்கு ராவெல்லாம் ஒரே பேஜாரா போச்சி."

அவர் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பேர் பதிவாகாத ஆளுக்கு இதைப் போடு என்ற அந்த ஒரு வரி. நான் விளக்கிச் சொன்னேன், மிஷின் செய்த கோளாறு என்றேன். அவள் அரைமனதாகத் தலையாட்டினாள். டீ கொடுத்து அனுப்பினோம்.

அவர்கள் போன பிறகு நைனா டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம், "அது எனக்குக் கூப்ட்டது பாப்பா" என்றார். "அத்த ஏன் எல்லாருக்கும் குடுத்த?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பொருளைப் பறிகொடுத்தவர் மாதிரி கேட்டார்.

புதியவர்களின் பேரையும் அம்மாவின் குரலிலேயே வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வேறு குரல் வைத்தால் ஜனங்கள் பழையபடி வாயை மூடிக்கொள்வார்கள் என்று தலைவரும் பயந்தார். அது எங்கள் கம்பெனியில் பெரிய வேலையே இல்லை. ஒருவர் பேசிய பதிவு போதுமான அளவு இருந்தால், அவர் சொல்லாததையும் அவர் குரலிலேயே சொல்ல வைக்கலாம். மூட்டை அறையில் அம்மா பேசியது தாராளமாகப் போதும். மேலாளரிடம் அனுமதி கேட்டேன். குரலுக்கு உரியவரின் சம்மதம் இருக்கிறதா என்றார். அவர் இல்லை என்றேன். அப்படியானால் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும் என்றார்.

நைனாவிடம் போய்க் கேட்டேன். "அம்மா கொரல்ல புதுப் பேருங்கள சொல்ல வெக்கட்டுமா நைனா?" அவர் பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டேன். சொல்லவில்லை. பெட்டிக்கு மௌனம் என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். எனக்கு மௌனம் என்றால் சம்மதம் என்று அர்த்தமாகிவிட்டது.

அலுவலகத்தில் வைத்து அட்டவணையைக் கருவிக்குக் கொடுத்தேன். பேருக்கு எதிரே குரல் இல்லாமல் காலியாக இருந்த கட்டங்களையெல்லாம் அது நிரப்பிக்கொண்டே போனது. ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தேன். அம்மா சொன்னாள், அம்மா சொன்னாள், அம்மாவே சொன்னாள். அச்சு அசல். வரிசையில் போய்க்கொண்டிருக்கும்போது, ஹெட்போனுக்குள் அம்மா நைனாவின் பேரைச் சொன்னாள்.

அந்தக் கட்டமும் காலியாகத்தானே இருந்தது. கருவி அதையும் நிரப்பியிருந்தது. முழுப் பேர், நிறுத்தி, தெளிவாக, சிரிப்பில்லாமல்.  ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். மறுபடியும் மாட்டிக் கேட்டேன். உயிரோடு இருந்தவரை அவள் வாயில் வராத பேர், இப்போது எத்தனை தடவை அழுத்தினாலும் வந்தது. அழித்துவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் இன்னொரு நினைப்பு வந்தது. தனக்கென்று இருந்த கூப்பாட்டை ஊருக்கே கொடுத்துவிட்டாய் என்று நைனா வருத்தப்பட்டார். இது அவருக்கு மட்டும், அவர் பேரைச் சொல்லி, வேறு யாருக்கும் போகாது. மனைவி ஒரு தடவையாவது தன் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாளா என்று எந்தப் புருஷனுக்கு ஆசை இருக்காது? இப்படியெல்லாம் நானே கணக்குப் போட்டுக்கொண்டு அதை விட்டுவைத்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கல் அன்றைக்குப் பொழுது சாயும்போது போன் வந்தது. நைனா வழக்கம்போலக் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நான் எதிரில், முகத்தைப் பார்த்துக்கொண்டு.

அம்மாவின் குரல் அவர் பேரைச் சொன்னது. "கீறீங்களா?" என்றது.

நைனாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வழக்கம்போலக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். குரல் இரண்டாம் தடவை பேரைச் சொன்னது. மூன்றாம் தடவையும் சொன்னது. அவர் வாயைத் திறக்கவில்லை. லைன் கட்டானது. போனைக் காதிலிருந்து எடுத்து, ஏதோ ஒட்டிக்கொண்டது மாதிரி வேட்டியில் துடைத்தார்.

"யாரு இது?"

"அம்மாதான் நைனா."

"இல்ல" என்றார். "அவ என் பேர சொல்லமாட்டா." போனைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "அவதான் செத்துட்டாளே" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து அந்தப் பதிவை அழித்தேன். பழையதை அதன் இடத்தில் வைத்தேன். அது நைனாவுக்கு மட்டும்தான் போகும், வேறு யாருக்கும் போகாது என்று வரியை மாற்றி எழுதினேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம், வேலை என்று பார்த்தால் ஒரே ஒரு வரிதான். எங்கள் மேடம் வெற்றிடத்தைப் பற்றிச் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அம்மா விட்டுவைத்த கட்டம் காலிக் கட்டமே இல்லை. இருவருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று அதில் நிறைந்து கிடந்தது.

மாசியில் அடுத்த முறை வந்தபோது லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். நைனா வந்து உட்கார்ந்தார். கால் கழுவவில்லை, வயலிலிருந்து வந்தவர் அப்படியே உட்கார்ந்தார். போன் அடித்தது. எடுத்தார்.

"இன்னாங்க, கீறீங்களா?"

மூக்கால் வந்த அந்தச் சிரிப்பு கடைசியில் அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுவும் நீ பண்ணதா பாப்பா?"

"இல்ல நைனா. சத்தியமா இல்ல. இது அம்மாவே சொன்னது. மூட்ட ரூம்ல உக்காந்துக்கினு சொன்னது."

சரி என்று தலையாட்டினார். குரல் இரண்டாம் தடவை கூப்பிட்டது. மூன்றாம் தடவை கூப்பிட்டது. பதிலுக்காகப் பெட்டி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை நான்தான் வைத்தேன். ஊர்க்காரர்கள் யோசித்துப் பேசட்டும் என்று கொஞ்சம் நீளமாகவே வைத்திருந்தேன். அந்த நேரம் முழுக்க நைனா போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார். அந்தச் சொல் வராமலே லைன் கட்டாகிவிட்டது.